சங்குக்கு முன்னாலா, பின்னாலா?

ராஜபாளையத்தில் வளர்ந்த என் வயதுப் பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது நேரம் கடிகாரத்தில் இல்லை, மில் சங்கில் இருந்தது. ஷிப்ட் மாறும்போது ஊதும் சைரனைத்தான் சங்கு என்போம். காலை ஆறு, மத்தியானம் இரண்டு, இரவு பத்து. "ஆறு மணிச் சங்குக்கு முன்னால பால் வாங்கிரு", "ரெண்டு மணிச் சங்குக்குப் பொறவு வா" என்றுதான் நம் அம்மாக்கள் பேசினார்கள். வீட்டில் கடிகாரம் இருந்தவர்களும் அப்படித்தான் பேசினார்கள்.

நான் சங்கு விஷயத்தில் கெட்டிக்காரி. ஒவ்வொரு மில்லுக்கும் ஒரு குரல் உண்டு. ஒன்று எருமை கத்துவது போல் கனமாகத் தொடங்கும். ஒன்று மெல்லியதாக வந்து போகப் போகத் தடிக்கும். அப்பா வேலை பார்த்த மில்லின் சங்கு மட்டும் முடிகிற இடத்தில் அழுகையை விழுங்குவது போல் ஒரு விக்கல் விக்கும். எங்கள் வளவில் குடியிருந்த வீட்டுப் பிள்ளைகள் என் கண்ணைக் கட்டிவிட்டு, "இது எந்த மில்லு?" என்று கேட்பார்கள். தப்பாமல் சொல்வேன். தபால்காரர் சைக்கிளும் ஐஸ்காரர் பெட்டி மூடியைத் தட்டுகிற தட்டும் தெருமுனையில் வரும்போதே எனக்குத் தெரிந்துவிடும். எதிர்வீட்டு அக்கா, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், என் காதைப் பிடித்துத் திருகி, "ஏமம்மா, இந்தப் பிள்ளைக்குக் காதா, ரேடியோப் பெட்டியா?" என்பார். அப்போது எனக்கு வந்த பெருமை இன்னும் நினைவிருக்கிறது. இப்போது அந்தப் பெருமையின் மேல்தான் எனக்கு முதல் சந்தேகம்.

நான் சொல்ல வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடைக்காலம். எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஒரு வயது. அப்பாவின் மில்லில் ஸ்டிரைக் நடந்துகொண்டிருந்தது. மில்லைப் பூட்டி ஒன்றரை மாதம். அப்பா தினமும் தூக்குச்சட்டி இல்லாமல் மில் வாசலுக்குப் போய் மற்றவர்களோடு பந்தலில் உட்கார்ந்துவிட்டு வருவார். மிஷின் சத்தத்தில் இருபது வருஷம் நின்றதால் அவருக்குக் காது மந்தம். தண்ணீர் கேட்டால்கூடச் சண்டை போடுவது போல்தான் கேட்பார். ஸ்டிரைக் வந்த பிறகு புருவத்தில் பஞ்சு ஒட்டியிருப்பது நின்றது, சத்தம் நிற்கவில்லை.

வீட்டுச் செலவுக்காக அம்மா பேண்டேஜ் துணி மடிக்கிற ஒரு சின்னக் கம்பெனிக்குப் போகத் தொடங்கினாள். அடுத்த தெருதான். காலையில் போய், ஒரு மணிக்கு வந்து சோறு வடித்துச் சாப்பிட்டுவிட்டு மறுபடி போவாள். அவள் சேலையில் அப்போதெல்லாம் சலவைப் பொடி வாசம் அடித்தது. தம்பியைப் பார்த்துக்கொள்ள அத்தை இருந்தாள்.

அத்தை அப்பாவின் தங்கை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டு, இரண்டே வருஷத்தில் ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டவள். ஏன் வந்தாள் என்று எங்கள் முன்னால் யாரும் பேசவில்லை. அறுந்த செருப்பு வாரை ஊக்குப் போட்டு மாட்டியிருப்பாள். அவளுக்கு விசில் அடிக்கத் தெரியும். தம்பி அழுதால் உதட்டைக் குவித்து மெல்ல ஒரு விசில் விடுவாள், அவன் அழுகையைப் பாதியில் விட்டுவிட்டு அவள் வாயையே பார்ப்பான். அம்மாவுக்கு அது பிடிக்காது.

"வீட்டுல பொம்பள விசிலடிச்சா வெளங்குமா? ரோட்டுல போறவன் என்ன நெனப்பான்?"

"ரோட்டுல போறவன் நின்னா உள்ள கூப்பிட்டு ஒங்க கையால ஒரு காப்பி குடுங்க மதினி," என்பாள் அத்தை. அப்பா சிரித்துவிடுவார். அம்மா சிரிக்கமாட்டாள்.

அந்தக் கோடையில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. இரண்டு கன்னமும் வீங்கி, தாடையை அசைத்தால் காதுக்குள் குத்தும். தங்கம் உடம்பில் பட்டால் சரியாகும் என்று அம்மா தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டாள். கன்னத்தில் பத்துப் போட்டு, வேட்டித் துணியைக் கிழித்துத் தாடையோடு, காதோடு சேர்த்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். தம்பிக்குத் தொற்றக் கூடாது என்று என்னை உள்ளறையில் படுக்கவைத்திருந்தார்கள். என் காது கட்டியிருந்ததைக் கவனமாக எழுதுகிறேன். அன்றைக்கு யாரும் அதைக் கவனிக்கவில்லை.

நடந்தது இதுதான். அம்மா ஒரு மணிக்கு வந்தாள், அன்று அடுப்பு பிடிக்காமல் சோறு வடிக்க நேரமாகிவிட்டது. வடித்தாள், நின்றுகொண்டே நாலு வாய் சாப்பிட்டாள், வேகமாகக் கிளம்பிப் போனாள். நான் கண்ணை மூடிக் கிடந்தேன். பிறகு தம்பி வீரிட்டான். நான் எழுந்து ஓடிப் பார்த்தபோது பின்வாசல் படியோரம் கஞ்சிப் பானை கவிழ்ந்து கிடந்தது, தம்பியின் இடது கை வடிகஞ்சியில் வெந்து சிவந்திருந்தது. எதிர்வீட்டு அக்கா தூக்கம் கலைந்து ஓடிவந்தார். அவர் வீட்டுக் கடிகாரத்தில் அப்போது இரண்டரை. அதே நேரம் அத்தை தெருவிலிருந்து குடத்தோடு உள்ளே வந்தாள். குடத்தைப் போட்டுவிட்டு, தம்பியை அள்ளிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினாள்.

தம்பி பிழைத்துக்கொண்டான். இடது கையில் இரண்டு விரல்கள் மட்டும் ஒட்டிக்கொண்டன.

மறுநாள் விசாரணை என் பாயைச் சுற்றி நடந்தது. அத்தை, தெருக்குழாயில் தண்ணீர் வந்த சத்தம் கேட்டு இரண்டு குடம் பிடிக்கப் போனதாகவும், ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகவில்லை என்றும் சொன்னாள். அம்மா நம்பவில்லை. வாசல் கதவுக் கொண்டி துருப்பிடித்தது, திறந்தால் ஒரு முனகல் முனகும். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, நீ முழிச்சுக்கிட்டுத்தான இருந்த?"

"ம்."

"கொண்டிச் சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எப்போ? ரெண்டு மணிச் சங்குக்கு முன்னாலயா, பின்னாலயா?"

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். கொண்டியின் முனகல் எனக்குள் தெளிவாக இருந்தது. அதன் பக்கத்தில் சங்கைத் தேடினேன். அதுவும் இருந்தது, கடைசி விக்கலோடு.

"சங்கு ஊதி முடியவும் கொண்டிச் சத்தம் கேட்டுச்சு."

"எந்த மில்லுச் சங்கு?" என்றார் எதிர்வீட்டு அக்கா.

"நம்ம மில்லுதான்," என்றேன். பெருமையோடுதான் சொன்னேன்.

"பாத்தீகளா! ரெண்டு மணிக்குப் போனவ ரெண்டரைக்கு வந்திருக்கா," என்றாள் அம்மா. "ரெண்டு கொடத்துக்கு அர மணி நேரமா? யாரப் பாக்கப் போன?"

"அய்யோ மதினி, தண்ணி வந்த பொறவுதான் போனேன். அம்புட்டுத்தான். சாமி சத்தியமா."

"பச்சப்புள்ள எதுக்குப் பொய் சொல்லப் போகுது?"

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தன் கை விரல்களைப் பார்த்தார்.

நாலாம் நாள் காலையில் அப்பா டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக, அத்தை பின்னால் போனாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் தூரத்துச் சொந்தம் ஒன்றின் வீட்டு மாடியில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டு கிலோமீட்டர். அதற்குப் பிறகு ஒரு கல்யாணத்தில், ஒரு சாவு வீட்டில் அவளைப் பார்த்ததுண்டு. எங்கள் வீட்டுக்கு அவள் வரவில்லை. "பிள்ளைய வேக வச்சவ" என்று சொந்தக்காரர்கள் அவளைச் சொல்லும்போதெல்லாம் என் காதைச் சாட்சிக்கு இழுத்தார்கள். நானும் பன்னிரண்டு வருஷம் அந்தச் சங்கையும் கொண்டியையும் எனக்குள் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதல் தெளிவாக.

பி.எட். படிக்கும்போது உளவியல் வகுப்பில் ஒருநாள் பேராசிரியர் பாதியில் நிறுத்தி, கடந்த பத்து நிமிஷத்தில் காதில் விழுந்த சத்தங்களை எல்லாம் தாளில் எழுதச் சொன்னார். நான் முதலில் எழுதியது பாடவேளை மணி. வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் அதை எழுதியிருந்தோம். அவர் தாள்களைப் புரட்டிவிட்டு, "இன்னிக்குப் பியூன் லீவு. மணியே அடிக்கலை," என்றார். எல்லோரும் சிரித்தோம். பிறகு அவர் விளக்கினார். காது ஒலியை வாங்கிக் கொடுக்கிறதே தவிர, மூளை அதை டேப்பில் பதிவது போல் முழுதாக வைத்துக்கொள்வதில்லை. துண்டு துண்டாக, கூட வந்த வாசனையோடும் பயத்தோடும் இடத்தோடும் சேர்த்து வைக்கிறது. திரும்ப எடுக்கும்போது புதிதாக ஒன்றைக் கட்டுகிறது. எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே வழக்கமாக என்ன இருக்குமோ அதை வைத்து அடைக்கிறது. யாராவது "மணிக்கு முன்னாலா, பின்னாலா" என்று கேட்டால் போதும், மணியைக் கொண்டுவந்து வைத்துவிடும்.

நான் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். "முன்னாலா, பின்னாலா" என்று எழுதிய இடத்தில் பேனா நின்றது.

மில் பூட்டிக் கிடந்தது. அந்த ஒன்றரை மாதமும் எங்கள் மில் சங்கு ஊதவே இல்லை.

மற்ற மில்கள் ஊதின. அதைக் கேட்டுத்தான் ஊர் எழுந்தது, தூங்கியது. ஆனால் நான் சொன்னது விக்கல் உள்ள சங்கு. சோற்றுக்கு வழியில்லாமல் அந்த மில் பூட்டியிருப்பதை நிமிஷத்துக்கு நிமிஷம் நினைத்துக்கொண்டிருந்த வீட்டில், அந்த மில்லின் சங்கை நான் சொன்னபோது ஒருவர்கூட நிமிரவில்லை. சங்கு என்றால் ஊதும் என்று எல்லோர் தலைக்குள்ளும் ஊதிக்கொண்டிருந்திருக்கிறது. அல்லது ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அன்று தொடங்கிய சந்தேகம் இது. கொண்டிச் சத்தம் எந்த நாளின் சத்தம்? அம்மா கம்பெனிக்குக் கிளம்பிப் போனதாக இருக்கலாம். முதல் நாளாகவும் இருக்கலாம். அம்மா ஏன் "எப்போ" என்பதோடு நிறுத்தவில்லை? கஞ்சிப் பானையைப் படியோரம் வைத்தது யார் என்று ஏன் ஒருவரும் கேட்கவில்லை?

கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. பரீட்சை வந்தது, கல்யாணம் வந்தது, பிள்ளை வந்தது. நல்ல மகள் என்று பெயர் எடுத்தவளுக்குத் தள்ளிப்போடக் காரணமா கிடைக்காது?

இந்த வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. என் வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் இருக்கிறார், மாதம் ஒருமுறை வருவார். நான் எட்டு மாதக் குழந்தையோடு அம்மா வீட்டில் இருக்கிறேன். "நீ வேலைக்குப் போ, பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்," என்றாள் அம்மா. சரி என்றேன். அன்றிலிருந்து அடுப்படியில் சோற்றுப்பானை எங்கே இருக்கிறது என்று நாளுக்குப் பத்து தடவை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெற்ற தாயை வேவு பார்க்கிறோமே என்று கூசியது. கூசிக்கொண்டே பார்த்தேன்.

ஒரு சனிக்கிழமை, அம்மாவிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுக் குழந்தையோடு பஸ் ஏறினேன். அத்தை இப்போது ஒரு பால்வாடியில் ஆயா. வன்னியம்பட்டிப் பக்கம் வயல் வேலைக்குப் போகிற பெண்களின் பிள்ளைகள் நாற்பது பேர். ஒரு பிள்ளையைக் கவனிக்கத் தெரியாதவள் என்று நாங்கள் அனுப்பிவைத்தவள், பத்து வருஷமாக நாற்பது பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டிருக்கிறாள். நான் போனபோது இரண்டு பேர் ஒரு பொம்மைக்காக முடியைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். அத்தை ஒரு விசில் விட்டாள். விட்டுவிட்டார்கள்.

"வாங்க மருமகளே," என்றாள். "பஸ் மாறி ஏறிட்டீயளோ?"

குழந்தையைப் பார்த்தாள். தொடவில்லை.

நான் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். "அத்தை, அன்னைக்கு நம்ம மில்லுச் சங்கு ஊதலை. மில்லு பூட்டியிருந்துச்சு. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"எனக்கு மட்டுமா? ஒங்கப்பாகிட்ட பஸ் ஸ்டாண்டுல வச்சுச் சொன்னேன். 'அண்ணே, மில்லே பூட்டிக் கெடக்கு, சங்கு எங்கேருந்து ஊதும்?'னு."

"அப்பா என்ன சொன்னாக?"

"'ஊதலைதான். எனக்கும் தெரியுது. ஸ்டிரைக் முடியட்டும், செத்த நாள் அங்க போயி இரு'ன்னாக." அத்தை சிரித்தாள். "செத்த நாள்! சன்னலோரமா இடம் புடிச்சுக் குடுத்தாக, அதையும் சொல்லணும்லா."

குழந்தையை அவளிடமே விட நினைக்கிறேன், பள்ளியும் இங்கேதான், காலையில் கொண்டுவந்து மாலையில் கூட்டிப் போவேன் என்றேன்.

"ஒங்கம்மா என்ன சொல்லுதா?"

"அம்மாகிட்ட இன்னும் சொல்லல."

"அப்ப நீயும் ஒங்கப்பன் மாதிரிதான்," என்றாள் பட்டென்று. "எல்லாம் தெரியும், சொல்லத்தான் மாட்டீய." கொஞ்ச நேரம் ஒரு பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பாக்க மாட்டேன்னு சொல்லல. ஒங்கப்பா கொண்டுவந்து என் கையில குடுக்கட்டும். நீ குடுத்தா வாங்க மாட்டேன்," என்றாள்.

அன்று சாயங்காலம் அப்பா, அம்மா, தம்பி மூவரும் இருக்கும்போது சொன்னேன். அப்பாவுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கோடையில் எங்கள் மில் சங்கு ஊதவில்லை, நான் கேட்டதாகச் சொன்னது பிசகு, அத்தை எப்போது போனாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. குழந்தையை அத்தையிடம் விடப்போகிறேன், அப்பா கொண்டுபோய்க் கொடுத்தால்தான் அவள் வாங்குவாள் என்பதையும் சொன்னேன்.

அம்மா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள்.

"ஊதலையா? எனக்கே கேட்டுச்சேட்டி! கம்பெனி வாசல்ல செருப்பக் கழட்டுறேன், நம்ம மில்லுச் சங்கு ஊதுது. கடைசியில விக்குமே, அதுகூடக் கேட்டுச்சு."

நான் அவள் முகத்தையே பார்த்தேன். பொய்க்கான அடையாளம் எதையாவது தேடினேன். இல்லை. அவளுக்கு அது கேட்டிருக்கிறது. இந்த நிமிஷமும் கேட்கிறது. பொய் என்றால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

"ஊதலை," என்றார் அப்பா. வழக்கமான சத்தத்தில்தான்.

"நீங்க செவிடு. ஒங்களுக்கு என்ன தெரியும்?"

"செவிடுதான். மில்லு வாசல்லதான உக்காந்திருந்தேன்? எப்ப ஊதும், எப்ப ஊதும்னு ஒன்றரை மாசமும் அதத்தான கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். ஊதலை."

"அப்ப அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

அப்பா மறுபடியும் தன் கை விரல்களைப் பார்த்தார். அப்போது தம்பி கேட்டான். அவனுக்குப் பதினாறு வயது.

"கஞ்சிப் பானையப் பின்வாசப் படியில வச்சது யாரும்மா?"

அம்மா கீரையைப் பார்த்தாள். ஒரு காம்பை உருவினாள். "எனக்கு நெனப்பு இல்லப்பா," என்றாள்.

சங்கு நினைப்பிருக்கிறது. பானை இல்லை. அந்த ராத்திரி முழுக்க நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாதான் வைத்தாள் என்று எனக்குத் தோன்றுகிறது. அவள் குனிந்து வைப்பதைப் பார்த்தது போலக்கூட இருக்கிறது. ஆனால் நான் உள்ளறையில் கண்ணை மூடிக் கிடந்தேன். பார்த்திருக்க முடியாது. ஒரு பெண்ணை என் நினைவை வைத்து வெளியே அனுப்பினார்கள், இப்போது இன்னொரு பெண்ணை நானே அதே நினைவை வைத்துக் குற்றவாளி ஆக்கிக்கொண்டிருக்கிறேனோ? அம்மாவிடம் பிள்ளையை விடாமல் இருப்பது தாயின் எச்சரிக்கையா, மகளின் துரோகமா? எனக்கு இன்னும் தெரியவில்லை. காலையில் அம்மா என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "பிள்ளைக்கு மாத்துத் துணி எம்புட்டு வைக்கணும்?" நாலு போதும் என்றேன். ஆறு மடித்து வைத்தாள்.

திங்கட்கிழமை அப்பா எனக்கு முன்னால் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக நின்றார். பஸ்ஸில் குழந்தையை அவர்தான் மடியில் வைத்திருந்தார். வழி நெடுக அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஏதோ ஒத்திகை பார்ப்பது போல.

பால்வாடி வாசலில் நான் நின்றுவிட்டேன். அப்பா மட்டும் உள்ளே போனார். அன்றைக்குப் புதுப் பிள்ளைகள் சேர்ந்திருந்தார்கள் போல, நாற்பது பேரும் ஒன்றாக அழுதார்கள். அதற்கு நடுவில் அப்பா குழந்தையை நீட்டிக்கொண்டு அத்தையின் முன்னால் நின்றார். அவர் வாய் திறந்து மூடியது. இரண்டு வார்த்தையோ மூன்று வார்த்தையோ. நான் பிறந்ததிலிருந்து சத்தமாகவே பேசிக் கேட்ட மனிதர், அன்று மெதுவாகப் பேசினார். அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு கையையும் நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

அப்பா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அவரிடமும் கேட்கவில்லை, அத்தையிடமும் கேட்கவில்லை. அவர்கள் சொல்லிவிட்டால் போதும், கொஞ்ச நாளில் அதை நான் என் காதால் கேட்டதாகவே சத்தியம் செய்வேன்.